இரண்டாவது பெயர் என்னுடையது

கான்கிரீட் கட்டி உடையும்போது பெரிய சத்தம் வராது. பரிசோதனை இயந்திரத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தம் ஏற்ற ஏற்ற, முதலில் ஓரங்களில் மயிரிழைபோல வெடிப்பு ஓடும். பிறகு பக்கங்கள் செதில் செதிலாகக் கழன்று விழும். ஏறிக்கொண்டிருந்த முள் ஓர் இடத்தில் நின்று, பின்னால் திரும்பும். அது நிற்கிற இடம்தான் கட்டியின் பலம். எம்.இ. கடைசிப் பருவத்தில், இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறிய ஒரு கட்டியை அப்படி வைத்தேன். ஜல்லியில் நூற்றுக்கு நாற்பது பங்கைக் குறைத்து, அதற்குப் பதில் உடைந்த பீங்கான் போட்டு வார்த்த கட்டி. முள் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அடுத்ததை வைத்தேன். அதற்கடுத்ததையும் வைத்தேன். மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. உடைந்ததைக் கையில் எடுத்துப் பார்த்ததும் காரணம் புரிந்தது. பீங்கானின் வழவழப்பான பூச்சுப் பக்கத்தில் சிமெண்டு பிடிக்கவே இல்லை. விரலால் நெம்பினால் சில்லு தனியாக வந்துவிட்டது. இருபது பங்கு வரைக்கும் நன்றாகத் தாங்கிய கலவை நாற்பதில் விழுந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஒரு பொருளை எதுவரை நம்பலாம் என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தோடு நோட்டில் எழுதிக்கொண்டு கைடு சாரின் அறைக்குப் போனேன்.

அந்தப் பீங்கான் எங்கள் ஊருடையது. விருத்தாசலத்தில் செராமிக் யூனிட்டுகளின் பின்பக்கம் போனால், சூளையில் கோணிப்போன கோப்பைகளும் விரிசல் விட்ட இன்சுலேட்டர்களும் தலை போன பொம்மைகளும் குவியல் குவியலாகக் கிடக்கும். அம்மா அப்படி ஒரு யூனிட்டில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டும் வேலை செய்தாள். சூப்பர்வைசரிடம் கேட்டு உடைசல்களைச் சாக்கில் அள்ளி வருவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அம்மாவும் ஆளுக்கொரு சுத்தியலோடு உட்கார்ந்து அவற்றை ஜல்லி அளவுக்கு உடைப்போம். கண்ணில் தெறிக்காமலிருக்க அம்மா முந்தானையை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். சாக்குகளை பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் முறைப்பார். வழியில் பெண்ணாடம் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்களின் பின்னால் மாட்டிக்கொண்டால் கல்லூரி போய்ச் சேர மதியமாகிவிடும். பட்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அச்சடித்த ஒரு தாளை முதல் நாளே கொடுத்திருந்தார்கள். முதல் இரண்டு பருவமும் வகுப்புகள், வருகைப் பதிவு, ஆய்வின் முதல் கட்டம், இரண்டாம் கட்டம், ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரை, கடைசியில் நேர்காணல். முடிக்க முடிக்க ஒவ்வொரு வரிக்கும் நேராகப் பென்சிலால் குறி போட்டுக்கொண்டு வந்தேன். மிச்சமிருந்தது கட்டுரையும் நேர்காணலும்தான். இரண்டுக்கும் கைடு சாரின் கையெழுத்து வேண்டும்.

கைடு சார் கெட்டிக்காரர். வகுப்பெடுத்தால் புத்தகத்தைத் திறக்க மாட்டார். தலைமுடி படிய, சட்டை மடிப்புக் கலையாமல் வருவார். அவரிடம் ஆய்வு செய்ய இடம் கிடைத்தபோது மற்றவர்கள் என்னைப் பொறாமையோடுதான் பார்த்தார்கள். என் நோட்டை வாங்கி நாற்பது பங்கு வரியில் கண்ணை ஓட்டினார். முகம் சுருங்கியது. “இது தப்பு” என்றார். மூன்று கட்டியும் அப்படித்தான் சார் வந்தது என்றேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. என் கட்டிகள் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும்போதே அவர் கட்டுரையை எழுதி அனுப்பிவிட்டார். பீங்கான் கூடக்கூட பலமும் கூடுகிறது என்று அதில் போட்டிருந்தார். நாற்பது பங்குக்குத்தான் எல்லாவற்றையும்விட உயர்ந்த எண். முதல் பெயர் அவருடையது. இரண்டாவது பெயர் என்னுடையது.

மறுநாள் ஆய்வகத்தில் வைத்துப் பேசினார். ஜூனியர் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் சல்லடையில் மணல் சலித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி வார்த்துக் காட்டலாமென்று அன்றைக்கு எடுத்துவந்த கடைசிச் சாக்கை என் ஒருத்தியால் தூக்க முடியாதென்று அம்மாவும் கூட வந்திருந்தாள். வாசற்படிக்கு வெளியே சாக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

“உங்கம்மா கப்புக்குக் காது ஒட்றவங்கதானே? நீயும் அப்படித்தான் கட்டி போட்டியா? ஒட்டுனது ஒட்டும், வுழுந்தது வுழும்னு. இதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?”

யாரோ சிரித்தார்கள். சிரித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. உங்களுக்கு என்று அவர் சொன்னதில் எத்தனை பேர் அடக்கம் என்பது எனக்கும் தெரியும், வாசலில் நின்ற அம்மாவுக்கும் தெரியும். அம்மா சாக்கை உள்ளே இழுத்துவைத்துவிட்டு, புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். “அவரு என்னா எழுதச் சொல்றாரோ எழுதிக் குடுத்துடு. கையெழுத்த வாங்கிட்டு வூட்டுக்கு வா. ரெண்டு வருஷம் இதுக்குத்தான ஓடன.”

எழுதிக் கொடுத்தேன். கட்டுரையில் உள்ளது எல்லாம் உண்மை என்று உறுதி கூறும் படிவத்தில் அவர் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். ஆய்வேட்டிலும் அவருடைய எண்களையே ஏற்றினேன். நேர்காணலுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர், நாற்பதில் இவ்வளவு பலம் எப்படி வந்தது என்று கேட்டார். கைடு சார் சொல்லிக்கொடுத்த விளக்கத்தை அப்படியே ஒப்பித்தேன். நன்றாகச் சொன்னேன் என்று பாராட்டினார்கள். பட்டம் வந்தது. அந்தத் தாளில் கடைசி வரிக்கும் குறி போட்டேன். ஆனால் பழைய நோட்டை மட்டும் எறியவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆய்வக உதவியாளர் அன்றன்றைக்குப் போட்ட சுருக்கொப்பம் அதில் இருந்தது. புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். எதற்கு என்று அப்போது என்னை யாராவது கேட்டிருந்தால், சும்மா என்று சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு கட்டுமானப் பொருள்களைப் பரிசோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் சேர்ந்து, இருபது வருடத்தில் மெல்ல மெல்ல மேலே வந்தேன். கம்பி, செங்கல், கான்கிரீட் எது வந்தாலும் அறிக்கையின் அடியில் என் கையெழுத்து இருந்தால்தான் செல்லும். அந்தப் பதவிக்கு எம்.இ. பட்டம் வேண்டும். கல்யாணம் ஆனது. விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் வீடு கட்டி அம்மாவையும் கூட வைத்துக்கொண்டேன். கைடு சார் அந்தக் கட்டுரையை வைத்து ஆய்வு மாணவர்களை வழிநடத்தும் அங்கீகாரம் வாங்கினார், துறைத்தலைவர் ஆனார், கருத்தரங்குகளில் மாலை வாங்கினார். போனில் அவருடைய படங்கள் வரும்போதெல்லாம் பெரிதாக்கிப் பார்ப்பேன். முடி நரைத்திருக்கிறதா, முகம் வாடியிருக்கிறதா என்று தேடுவேன். நன்றாகத்தான் இருந்தார். அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

சென்ற ஆண்டு நல்லூர் பக்கத்து ஒரு கிராமப் பள்ளிக்காக வார்த்த கான்கிரீட் வடிகால் மூடிகள் சில எங்கள் ஆய்வகத்துக்குப் பரிசோதனைக்கு வந்தன. பிள்ளைகள் மிதித்து நடக்க வேண்டிய மூடிகள். எடை ஏற்றியதும் நடுவில் பிளந்துகொண்டன. பிளந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று பீங்கான் சில்லுகள், ஒவ்வொன்றும் வழவழப்பான முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தன. காண்டிராக்டர் கொடுத்திருந்த காகிதங்களைப் புரட்டினேன். கலவைக்கு ஆலோசகர் என்று கைடு சாரின் கையெழுத்து. ஆதாரமாக எங்கள் கட்டுரையின் நகல். என் பெயரை என் மேஜையிலேயே படித்தேன்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். மூடிகள் தேறவில்லை என்று அறிக்கை கொடுத்தேன், அவை அந்த வாரமே நிராகரிக்கப்பட்டன, வேறு மூடிகள் வார்க்கச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு இருந்த ஆபத்து அத்தோடு தீர்ந்தது. அதற்கு மேல் நான் செய்தது பள்ளிக்காகவோ அறிவியலுக்காகவோ இல்லை. பல்கலைக்கழகத்துக்கும் அந்த ஆய்விதழுக்கும் நான் கடிதம் எழுதியது அவரைக் கீழே இறக்குவதற்காக. எழுதினால் என் பட்டமும் கேள்விக்கு வரும் என்று தெரிந்தே எழுதினேன். நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாக நகலெடுத்துச் சேர்த்தேன். கணவர் கடிதத்தைப் படித்துவிட்டு, உன் இஷ்டம் என்று திருப்பிக் கொடுத்தார்.

விளக்கம் கேட்டுப் பல்கலைக்கழகம் அவருக்கு நோட்டீஸ் அனுப்பிய சில நாளில், ஒரு சனிக்கிழமை மதியம் கைடு சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். நேரில் பார்த்தால் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தார். அம்மா டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “நல்லா இருக்கீங்களாம்மா” என்றார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

“பாரும்மா, ரிட்டயர் ஆவ எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருக்குது. எங்கிட்ட அஞ்சு பேரு ரிசர்ச் பண்றாங்க. நோட்டு மாறிப்போச்சு, தப்பா அனுப்பிட்டேன்னு நீ ஒரு லெட்டர் போட்டா முடிஞ்சிடும்.”

“நோட்டு மாறல சார்.”

“உன் டிகிரியும் சேந்து போயிடும். அத யோசிச்சியா?”

“யோசிச்சேன் சார். போவட்டும்.”

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். “நீங்களாவது சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு படிப்புக்காகத்தான் பேசறேன்.”

“நீங்க ஒருநா லேப்ல எங்கம்மாவ ஒரு வார்த்த சொன்னீங்க சார். ஞாபகம் இருக்குதா?” என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, என்னையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு நினைவில்லை. மறைக்கிறார் என்று தெரிந்திருந்தால்கூட ஒருவேளை நான் இளகியிருப்பேன். என்ன சொன்னார் என்று நானும் எடுத்துச் சொல்லவில்லை. அந்தச் சொற்களை என் வீட்டுக்குள் என் வாயால் சொல்ல மனம் வரவில்லை. அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவர் போன பிறகு அம்மா என் எதிரில் உட்கார்ந்தாள். “எனக்காகவா இதெல்லாம் பண்ற?”

“பின்ன?”

“எனக்கு வாணாம். நான் அத எப்பவோ வுட்டுட்டேன். எம் பொண்ணு எம்.இ. படிச்சிருக்குதுன்னு யூனிட்டுல அத்தன பேருகிட்டயும் சொல்லியிருக்கேன். அது எனக்குப் போதும். அதையும் பிடுங்கி அவரு மேல எறியறயே.”

அன்றிலிருந்து பத்து நாள்போல அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், போய்விடுவாள். அம்மாவுக்காகச் செய்கிறேன் என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நாளில் அந்தச் சாக்கும் போயிற்று. இது என்னுடைய வஞ்சம். நான் வளர்த்தது. கடிதத்தைத் திரும்பப் பெற இன்னும் அவகாசம் இருந்தது. நான் பெறவில்லை.

விசாரணைக் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். அதில் ஒரு பெண்மணி, “அப்பவே ஏன் சொல்லல?” என்று கேட்டார். பட்டம் வேண்டியிருந்தது என்றேன். இப்போது வேண்டாமா என்றார். வேண்டும்தான், ஆனால் இது அதைவிட வேண்டியிருக்கிறது என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். எந்தப் பக்கத்து நியாயத்தை எழுதினார் என்று தெரியாது.

முடிவு ஒரே ஆணையாக வந்தது. கட்டுரை விலக்கிக்கொள்ளப்பட்டது. கைடு சாரின் அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டது. துறைத்தலைவர் பொறுப்பும் போனது. அவரிடம் ஆய்வு செய்த ஐந்து பேரை வேறு வேறு ஆசிரியர்களுக்கு மாற்றினார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு ஒரு வருடம் வீணாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவளிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என் பட்டத்தை நிறுத்திவைத்தார்கள். ஆய்வின் இரண்டாம் கட்டத்தை மறுபடி செய்து, இப்போதைய விதிகளின்படி வேண்டியதையெல்லாம் முடித்தால் திருப்பித் தருவார்களாம். வேலையில் என் கையெழுத்து செல்லாமல் போனது. நான் பழக்கிவிட்ட ஒரு பையன் இப்போது அறிக்கைகளில் கையெழுத்துப் போடுகிறான். நான் கட்டிகளை உடைத்துப் பார்த்து, அவன் மேஜைக்குப் போய் எண்களைச் சொல்கிறேன். “மேடம், நீங்களே உக்காருங்க” என்று எழுந்து நிற்கிறான். சங்கடமாக இருக்கிறது. ஆனால் ஆணை வந்த அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். பழிவாங்கினால் மனம் வெறுமையாகிவிடும் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை.

இப்போதைய விதிகளில் புதிதாக ஒரு பாடம் சேர்ந்திருக்கிறது. ஆய்வு நெறிமுறை. எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டும். அதற்காக வாரத்தில் ஒரு நாள் விடுப்பெடுத்துக்கொண்டு, என் வயதில் பாதி உள்ள பிள்ளைகளோடு வகுப்பில் உட்காருகிறேன். பாடம் எடுப்பவர் என்னைவிடச் சின்னவர். போன வாரம் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். தயங்கித் தயங்கிப் பேசினார்.

“மேடம், இன்னிக்கு விலக்கின கட்டுரைகளப் பத்தி எடுக்கறேன். உதாரணத்துக்கு நம்ம பல்கலைக்கழகத்துலயே நடந்ததுன்னா பசங்களுக்குப் புரியும். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேற ஒண்ண எடுத்துக்கறேன். இல்ல, உங்க பேர மட்டும் வுட்டுடட்டுமா?”

“வேணாம் சார். ரெண்டு பேரும் இருக்கட்டும்” என்றேன். “இனிமே வருஷா வருஷம் இதையே எடுப்பீங்களா?”

“எடுக்கலாம் மேடம்.”

உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் கரும்பலகையில் கட்டுரையின் தலைப்பை எழுதி, கீழே கைடு சாரின் முழுப் பெயரை, பட்டங்களோடு, பெரிதாக எழுதினார். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். நானும் நோட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்து, எழுத்துக்கூட்டி நிதானமாக அந்தப் பெயரை எழுதினேன்.