பூங்காவுக்குள் ஒரு வீடு

அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் ‘கமா அக்கா’. மெஷினில் ஏறப்போகும் எந்த வேலையானாலும், மாதிரித் தாளை அவள் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஓடும். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கித்தான் படிப்பாள். மேலிருந்து படித்தால் விஷயத்தில் மனசு போய்ப் பிழை தப்பிவிடும் என்பாள். வாயும் கொஞ்சம் நீளம். ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று விளம்பரத்தில் கண்டால், யாருடைய வாழ்நாள் என்று கேட்டு அனுப்புவாள்.

அன்றைக்கு வந்தது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கான விளம்பரக் கையேடு. நடுப்பக்கத்தில் வரைபடம். தண்ணீர்த் தொட்டி, ரொட்டிக் கடைத் திருப்பம் எல்லாம் அவளுக்குப் பழகிய இடங்கள். திருப்பத்தைத் தாண்டினால் அவள் குடியிருக்கும் தெரு வரவேண்டும். அங்கே புல்வெளியும் நாலைந்து மரங்களும் இருந்தன. ‘பசுமைப் பூங்கா’ என்று போட்டிருந்தது. எழுத்துப்பிழை இல்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் புல்லுக்கு அடியில்தான் அவள் கணவன் பார்த்துப் பார்த்துக் கட்டிய மாடி அறை இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்துப் புல்லின் மேலேயே எழுதினாள்: ‘வீடுகள் விடுபட்டுள்ளன.’

முதலாளி கூப்பிட்டு, எழுத்தைப் பார்ப்பதுதான் உன் வேலை, நிலம் அளப்பதல்ல என்றார்.

“ஒரு எழுத்து விட்டுப்போனா சேர்க்கச் சொல்றேன் இல்ல சார்? இங்க ஒரு தெருவே விட்டுப்போயிருக்கு. நாங்க அதுல குடியிருக்கோம்.”

அவர் கட்டடக் கம்பெனிக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் சிரித்தார்கள். அடியில் ‘கற்பனைப் படம்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதுமாம். எறும்புக்கும் கண்ணாடி தேவைப்படும் அளவில் அந்த வரி சேர்ந்தது. அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். முதலாளியே போட்டு மெஷினை ஓடவிட்டார்.

வீட்டில் சொன்னால், படம் வந்து சுவரை இடிக்கவா போகிறது, விடு என்றான் கணவன். அவன் மேல் வந்த கோபத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

கையேடு ஊரெல்லாம் போனதும், விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து பூங்காவைத் தேட ஆரம்பித்தார்கள். ஒரு கார் வாசலை அடைத்து நின்றதில் தன் வேனை வெளியே எடுக்க முடியாமல் போன அன்றுதான் கணவனுக்கும் ரோஷம் வந்தது. அதற்குள் மாமியார் நாற்காலியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“இதுதாம்மா பூங்கா. உள்ள வந்து உக்காருங்க,” என்றாள் காரிலிருந்து இறங்கிய பெண்ணிடம். “எங்களை எப்போ காலி பண்ணப் போறாங்கன்னு உங்ககிட்டயாவது சொன்னாங்களா?”

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. கையேட்டைச் சுருட்டிக்கொண்டு நேரே விற்பனை அலுவலகத்துக்குப் போனாள். அவள் போட்ட சத்தம் ரொட்டிக் கடை வரை கேட்டதாகச் சொன்னார்கள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் போய்க் கேட்டார்கள்.

கையேட்டை மாற்றி அடிக்க வேண்டிவந்தது. புதிய மாதிரித் தாளும் இதே அச்சகத்துக்குத்தான் வந்தது. தெரு இருந்தது, சாம்பல் நிறக் கட்டங்களாக. கமா அக்கா விரல் வைத்து வீடு வீடாகப் பார்த்தாள். கோடியில் தையல்காரர் வீட்டைக் காணோம். எழுதித் திருப்பி அனுப்பினாள். முதலாளி இந்த முறை மெஷினை நிறுத்திவைத்துக் காத்திருந்தார். சரியாகி வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

“ஜெயிச்சிட்டீங்களே அக்கா,” என்றார் மெஷின்காரர்.

“இருக்கிற வீட்டை இருக்குன்னு போட வைக்க இவ்வளவு பாடு. இதுல ஜெயிச்சது எங்க, அண்ணே?”

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அடுத்து வந்த பிஸ்கட் உறையைக் கடைசி வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.