நாத்தனார் புடவையும் சலவைக் கடை ரசீதும்

நாத்தனாரின் பட்டுப் புடவையை ஒரு கல்யாணத்துக்கு இரவல் வாங்கிக் கட்டினேன். பினாங்கு போயிருந்த அவர் திரும்புவதற்குள் வெளுத்துக் கொடுத்துவிடலாம் என்று சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சலவைக் கடையில் போட்டேன். வாங்கப் போன அன்று புடவை இல்லை. யாருக்கோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

"ரசீதுக்குப் பின்னால படிங்கக்கா. தொலைஞ்சா கடை பொறுப்பில்ல லா" என்றார் கடைக்காரர். தேடிப் பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த வாரம் வானொலியில் ஒருவர் பேசினார். அப்படி அச்சடித்துவிட்டால் மட்டும் கவனக்குறைவுக்கான பொறுப்பு போய்விடாதாம். வக்கீல் இல்லாமல் நாமே போய் முறையிட, சின்ன வழக்குகளுக்கென்றே இப்போது ஒரு மன்றமும் இருக்கிறதாம். நாமே போய்ப் பேச வேண்டும் என்பதுதான் இடித்தது. பேருந்தில் மணியை வேறு யாராவது அடிக்கட்டும் என்று காத்திருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்குகிறவள் நான்.

ஆனால் எழுத வரும். ஆறாம் வகுப்பு வரை படித்திருக்கிறேனே.

வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். அந்தச் சலவைக் கடைக்காரரின் மனைவியும் என்னிடம்தான் தைப்பார்; தன் மகள் கல்யாணத்துக்கு ஏழு ரவிக்கைத் துணி கொண்டுவந்தார். அளவெடுத்துவிட்டு ஒரு சீட்டை நீட்டினேன். 'துணி தொலைந்தாலோ, கை குட்டையானாலோ, கழுத்து கோணினாலோ தைப்பவர் பொறுப்பல்ல.'

"என்னக்கா இது அநியாயம்?"

"கடைன்னா இப்படித்தானே எழுதுறாங்க" என்றேன், தரையைப் பார்த்தபடி.

"எந்தக் கடையில?"

அவர்கள் கடை ரசீதை எடுத்துக் காட்டி, புடவைக் கதையைச் சொன்னேன்.

"அந்த மனுசன் தேடவே இல்லியா? துணி இங்கயே இருக்கட்டும்க்கா. அவரு புடவையோட வந்தப்புறம் கத்திரிய எடுங்க!"

மூன்றாம் நாள் பிடோக்கில் என் வீட்டு வாசலில் கடைக்காரர் வேர்த்து நின்றார், கையில் புடவை.

"ஈசூன்ல ஒரு வீட்டுக்குப் போயிருச்சுக்கா. ரெண்டு பஸ் மாறிப் போனேன். அவங்க ஒரு விசேஷத்துக்கு வேற கட்டிட்டாங்க. திரும்ப வெளுத்துட்டேன். அந்தச் சீட்டைக் கிழிச்சிருங்க, வீட்டுல சோறு போட மாட்டேங்கிறா."

"உங்க ரசீதுல இருக்கிற அந்த வரியையும் எடுத்திருங்க தம்பி."

எப்படித்தான் சொன்னேனோ! அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

நாத்தனார் வந்து புடவையைப் பிரித்து, முகர்ந்து, மடிப்பு மடிப்பாகப் பார்த்தார்.

"பரவால்லையே! ஒரே ஒரு தடவைதான் கட்டின மாதிரி வச்சிருக்கே."

"ஆமாங்கண்ணி, நான் ஒரே ஒரு தடவைதான் கட்டினேன்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.