பட்டினி கிடந்த சாளை

கடலுக்கும் மீனுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தாராவிக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்ன அதிகாரியே, நீங்கள் சொன்னது பொய்.

மனைவி இறந்த பிறகு நான் தனியாள். ஞாயிறுதோறும் மீன் விற்கும் செல்வியிடம் சாளை வாங்குவேன். சட்டியில் போட்டால் அதுவே எண்ணெய் விடும். இந்த வருடம் வாங்கியது துளி எண்ணெய்கூட விடாமல் ஒட்டிக் கருகியது. சண்டை போடப் போனேன்.

"ஏளா செல்வி, பழைய மீன என் தலையில கட்டிட்டியா?"

"பழசு இல்லண்ணே, பட்டினி மீனு. கடலு சூடாகி இரை இல்லாமப் போச்சாம், போட்டுக்காரங்க சொல்லுதாங்க. உங்கள மாதிரியே வத்திப்போய்லா கெடக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அடுத்த வாரம் நல்லதா எடுத்து வை."

"இத ஆரு வாங்குதா? தந்தா, நம்ம யாவாரம், படுத்துட்டுண்ணே. நாளையிலேருந்து காட்கோபர்ல வீட்டு வேலைக்குப் போறேன். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க."

என்னைச் சாப்பிடச் சொல்ல இருந்த ஒரே ஆள் அவள்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் நான் யாரிடமும் பேசுவதில்லை.

அதிகாரியே, அதே மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். கடலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்த மீன் ஏன் பட்டினி கிடந்தது?