துணியை முதலில் பார்த்த ஞானம்மாள் மிஸ்ஸி

ஞானம்மாள் மிஸ்ஸி காலமான செய்தியைக் கிள்ளானிலிருந்து வந்த ரயிலின் கார்டுதான் எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். ரயில்வே சரக்கு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் அவர் வேலை நேரத்தில் வீட்டுப் பக்கம் தலைகாட்டவே மாட்டார். அன்றைக்குக் காலையிலேயே திரும்பி வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார். "மிஸ்ஸி போயிட்டாங்களாம். காய்ச்சல்ல படுத்தவங்க எந்திரிக்கவே இல்லையாம்" என்றார். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண்கள் எல்லாருமே மிஸ்ஸிதான். ஆனால் எந்த மிஸ்ஸி என்று நான் கேட்கவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிள்ளை பெற்ற எவளும் கேட்டிருக்கமாட்டாள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குழந்தை நல நிலையத்து நர்ஸ் அவர். கிள்ளானில் தனியாக ஒரு வாடகை அறையில் இருந்தார். காலை ரயிலில் வந்து, கறுப்புக் குடையும் தராசுமாக எங்கள் வரிசையில் வீடு வீடாக ஏறி இறங்குவார். நல்ல உயரம். குரல் அதைவிட உயரம். முதல் வீட்டில் அவர் பேசினால் கடைசி வீட்டுக்காரி எழுந்து கூந்தலை முடிந்துகொள்வாள்.

என் மூத்த மகன் நடேசனைப் பார்க்க அவர் முதன்முதலாக வந்த நாளில், அவனுக்குப் பவுடர் பூசி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, மாப்பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அவர் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ராசா மாதிரிதான் இருப்பான், எனக்குத் தெரியும். காலையில அவுத்த துணி எங்க? அத முதல்ல காட்டு."

"அத நனைச்சுப் போட்டுட்டேனே, மிஸ்ஸி."

"நாளையிலருந்து நான் வந்து பாத்தப்பறம் நனை. மூஞ்சி ஆளுக்குத் தகுந்த மாதிரி சிரிக்கும். துணிக்கு அதெல்லாம் தெரியாது."

வீட்டில் அப்போது விருந்தாளிகள் இருந்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு பழகிவிட்டது. அவர் வந்ததும் அழுக்குத் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். நிறம் என்ன, தண்ணீராகப் போனதா, திரிதிரியாகப் போனதா, போகும்போது முக்கினானா, அழுதானா என்று போலீஸ்காரர் தோற்கும்படி கேட்பார். வரிசையில் ஓடித் திரியும் வாண்டுகள் அவருக்குப் பீத்துணி மிஸ்ஸி என்று பெயர் வைத்திருந்தன. ஒருநாள் அது அவர் காதில் விழுந்தே விட்டது. நாங்கள் பதறினோம். அவரோ, "பேரு சரியாத்தானே வச்சிருக்குதுங்க, இதுக்கு எதுக்கு அடிக்கப் போறீங்க?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனார்.

நடேசனுக்குத் தொடை இடுக்கெல்லாம் சிவந்து தோலுரிந்த சமயம் ஒன்று உண்டு. தேங்காய் எண்ணெய் தடவினேன், மஞ்சள் தடவினேன், வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் கழுவினேன். எதற்கும் அடங்கவில்லை. மிஸ்ஸி வழக்கம்போலத் துணியைக் கேட்டார். இம்முறை அழுக்குத் துணி இல்லை, கட்டத் தயாராக மடித்து வைத்திருந்த துணி. அதைக் கையில் எடுத்ததும் அவர் புருவம் ஏறியது. துணியைக் கிடையாக நீட்டிப் பிடித்தார். அது அட்டை மாதிரி வளையாமல் நின்றது.

"யாரும்மா துவைக்கிறது?"

"டோபிகிட்டதான் போடுறோம், மிஸ்ஸி. அவங்க சட்டையோட சேத்து."

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் பிள்ளைக்குத் துணி. பிள்ளையின் அழுக்கை நான் கொல்லையிலேயே அலசிவிடுவேன். அதன் பிறகு, கிராணி வீட்டுத் துணி டோபியிடம் போகாமல் எப்படி என்று ஆபீஸ் சட்டைகளோடு அதையும் மூட்டையில் கட்டிவிடுவேன். டோபி நல்ல மனுஷர். வெள்ளைத் துணி எது வந்தாலும் கஞ்சி போட்டு, நீலம் போட்டு, பெட்டி தேய்த்து அனுப்பிவிடுவார். என் பிள்ளை அந்தக் கஞ்சித் துணியைத்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர்ந்திருக்கிறான். மிஸ்ஸிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒங்க வீட்டுக்காரரு ஆபீஸுக்குப் போறாரு, சரி. இவன் எந்த ஆபீஸுக்கும்மா போறான்?" என்றார். வெந்நீரில் அலசி, சோப்புப் போக நன்றாகப் பிழிந்து, வெயிலில் காயப் போட்ட மெத்தென்ற துணி கட்டியதும் புண் ஆறியது. அந்தக் கதையை அவர் செந்தூல் வரைக்கும் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது.

சிரித்த கதை இத்தோடு சரி. நடேசன் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியபோது நான் மறுபடியும் உண்டாகியிருந்தேன். அவனுக்குத் தாய்ப்பாலை மறக்கடித்துப் பசும்பாலுக்கு மாற்றினோம். கொஞ்ச நாளில் வயிறு இளகியது. ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறான் என்ற கணக்கே போயிற்று. நுரையும் தண்ணீருமாக, புளித்த வாடையோடு போகும். போன இடமெல்லாம் சுட்டதுபோலச் சிவந்து, பிறகு ரத்தம் கசிந்தது. காலின் மேல் உட்காரவைத்தால் உட்காரமாட்டான். என் தாலியை இறுகப் பிடித்துக்கொண்டு வீறிடுவான். எங்கள் வரிசையிலேயே முந்தின ஆண்டு வயிற்றுப்போக்கில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு இருந்தது. அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நடேசனை முந்தானையால் மூடிக்கொள்வேன்.

மிஸ்ஸி தராசில் போட்டுப் பார்த்தார். எடை இறங்கியிருந்தது. "பிள்ளை பலமில்லாம இருக்கான். பால கூட்டிக் குடு. தண்ணி கலக்காம குடு. டின் பால் மட்டும் வேணவே வேணாம்" என்றார். எங்கள் வீட்டுக்காரர் அன்றே பால்காரரிடம் போய், கண்ணெதிரே கறந்த பால்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். பிள்ளைக்குப் பால் ஊற்றுவதில் அவருக்கு ஒரு வீறாப்பு. எஸ்டேட்டில் பிறந்து வெறும் கஞ்சியில் வளர்ந்தவர் அவர். தன் பிள்ளை பால் குடித்து வளர்கிறான் என்பதை வரிசை முழுக்கத் தெரியும்படி செம்பைக் கையில் ஏந்தி வருவார்.

பால் கூடக் கூடப் பிள்ளை குறைந்தான். டிஸ்பென்சரி டிரஸ்ஸர் கொடுத்த மருந்துக்கும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. விலா எலும்பு தெரிந்தது. அழுகைகூட மெலிந்து, பூனைக்குட்டிச் சத்தம் போலாகிவிட்டது. இவன் எனக்குத் தங்கமாட்டான் என்று எனக்குள் ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் பால்காரரின் மாடுகளுக்குக் கோமாரி வந்தது. வாயிலும் குளம்பிலும் புண். பால் நின்றுபோனது. டின் பாலுக்கு மிஸ்ஸியின் தடை. வேறு பால்காரரைத் தேடி எங்கள் வீட்டுக்காரர் சாலாக் சௌத் வரைக்கும் நடந்தார், அங்கேயும் அதே கதை. வேறு வழியில்லாமல் குழைந்த சோற்றுக் கஞ்சியில் உப்புப் போட்டும், வாழைப்பழத்தைப் பிசைந்தும் ஊட்டினேன். ஊட்டும்போதெல்லாம் அழுதேன். பால் இல்லாமல் பிள்ளையைப் பட்டினி போடுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

மிஸ்ஸி வந்தார். துணியை விரித்தார். பிறகு வழக்கமில்லாத வழக்கமாகச் சமையலறைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன குடுத்த இவனுக்கு?"

"திட்டாதீங்க மிஸ்ஸி. மாடு சீக்கு. பாலே இல்ல. கஞ்சியும் பழமுந்தான். அதான் ரெண்டு நாளா வயிறு சரியா போகல போலருக்கு."

"போகலையா? இது போனதுதாம்மா. ஒழுங்கா போயிருக்கான்."

அவர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இவனுக்குப் பால் ஒத்துக்கல. நான்தான் ஊத்து ஊத்துன்னேன்" என்றார். எழுந்து நேராகப் பொதுக் குழாயடிக்குப் போனார். அங்கே துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கேட்கும்படி, "நடேசனுக்கு நான் சொன்ன பக்குவம் தப்பு. அவனுக்குப் பால் ஆகல. ஒங்க வீட்டுல எந்தப் பிள்ளைக்காவது பால் குடிச்சப்பறம் இப்படி நுரையா போனா என்கிட்ட சொல்லுங்க, மறைக்காதீங்க" என்றார். உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் தான் சொன்னது தப்பு என்று வாய்விட்டுச் சொன்னதை அதற்கு முன் நாங்கள் யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா, வாளி நிரம்பி வழிந்தது தெரியாமல் நின்றார்.

எங்கள் வீட்டுக்காரர்தான் மசியவில்லை. மாடுகள் தேறி மறுபடி பால் வந்ததும் செம்போடு நின்றார். மிஸ்ஸியும் அப்போது வந்திருந்தார்.

"பால் குடிக்காத பிள்ள எங்க இருக்குங்க, மிஸ்ஸி? நாலு பேரு என்ன பேசுவாங்க? வக்கில்லாத அப்பன்னுதானே?"

"பேசுறவங்கள என்கிட்ட அனுப்புங்க, கிராணி ஐயா. நம்பிக்கை இல்லேன்னா இன்னைக்குக் கொஞ்சம் குடுத்துப் பாருங்க. ஆனா ஒண்ணு, நாளைக்குத் துணிய ஒங்க சம்சாரம் பாக்கக் கூடாது. நீங்கதான் பாக்கணும்."

எங்கள் வீட்டுக்காரர் கொடுத்தார். மறுநாள் காலை, பிள்ளைத் துணியைக் கையால் தொட்டறியாத மனிதர், ஆபீஸ் சட்டை போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கொல்லை வெளிச்சத்தில் அந்தத் துணியை விரித்துப் பார்த்தார். உள்ளே பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தான். அவர் துணியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். பிறகு செம்பில் மீந்திருந்த பாலைக் கொல்லையில் கொட்டிவிட்டு, முகம் கழுவி ஆபீஸுக்குப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடேசனுக்குப் பால் பேச்சே எழவில்லை. கஞ்சி, பயறு, அவித்த மீன், முட்டை என்று மிஸ்ஸி ஒவ்வொன்றாகச் சேர்த்தார். புதிதாக ஒன்றைக் கொடுத்தால் அடுத்ததற்குப் பொறுத்திருக்கச் சொல்வார். புண் ஆறிற்று. எலும்பு மறைந்தது. இன்றைக்கு அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வரிசையில் இருக்கும் எல்லாக் கதவையும் தட்டிவிட்டு ஓடுகிறான். அடிக்கக் கை ஓங்கினாலும் எனக்கு அடிக்க வருவதில்லை.

அடக்கத்துக்கு எங்கள் வரிசைப் பெண்கள் ஒரு கூட்டமாகக் கிள்ளானுக்கு ரயில் ஏறினோம். மிஸ்ஸிக்குச் சொந்தமென்று அதிகம் பேர் இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அறையில் ஒரு பெண் எங்களுக்கு முன்பே இருந்தார். பெயர் செல்லம்மாள், துறைமுகக் கூலி ஒருவரின் மனைவி. மிஸ்ஸியைக் குளிப்பாட்டி, தலை சீவி, வெள்ளைச் சேலை உடுத்தியது அவர்தான். தங்கச்சியா என்று கேட்டேன். இல்லை என்றார். "என் பிள்ளையப் பாத்த மிஸ்ஸி இவங்க" என்றார். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று நான் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"அவன் இல்லக்கா. வயித்தால போயி செத்துட்டான். மிஸ்ஸி பால் குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். நிக்கல. நீ பால்ல தண்ணி கலக்குற, பொய் சொல்றன்னு என்னைய ரொம்ப ஏசினாங்க. அப்பறம் அவன் போயிட்டான்."

அவர் மிஸ்ஸியின் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே பேசினார்.

"ரொம்ப நாள் கழிச்சு ஒரு நாள் வீட்டுக்கு வந்தாங்க. நான் உக்காரச் சொல்லல. நின்னுக்கிட்டேதான் சொன்னாங்க. கோலாலம்பூர்ல ஒரு கிராணி வீட்டுப் பிள்ளைக்குப் பால் ஆகலன்னு இப்பத்தான் கண்டேன், ஒன் பிள்ளைக்கும் அப்படித்தான் போச்சு, நீ தண்ணி கலக்கல, நீ ஒண்ணும் செய்யல, தப்பு என்னோடதுன்னாங்க. அதுவரைக்கும் என் பிள்ளைய நானேதான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்க்கா. எம் புருஷனும் அப்படித்தான் நெனச்சாரு."

கோபம் வரவில்லையா என்று கேட்டேன். வந்தது, கதவைச் சாத்தினேன் என்றார். மிஸ்ஸி மறுபடியும் வந்தாராம். புருஷன் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து, அவரிடமும் அதையே சொன்னாராம்.

மிஸ்ஸி இதை எங்களிடம் சொன்னதே இல்லை. நடேசன் பிழைத்தது அவரால் என்று நான் வாழ்நாள் முழுக்கச் சொல்லுவேன், அதைச் சொல்ல இந்த வரிசையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எனக்கென்று வைத்துக்கொள்வது வேறு. செத்துப்போன பிள்ளையைத் துணி பார்த்துத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அந்த வீட்டுக்குப் போகச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை. போகாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் பிள்ளை தேறிவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த அந்த நாள்களில், அவர் செல்லம்மாளின் படியேறி, உட்காரச் சொல்லாத வீட்டில் நின்றுகொண்டே, அவள் குற்றம் இல்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.