வணக்கம் முடிவதற்குள் கடந்துபோனவர்கள்

மேடையில் நான் தோற்றதில்லை. பட்டிமன்றமாயினும் சொற்போராயினும், மணி அடிக்குமுன் வாதத்தை முடித்து அமர்ந்துவிடுவேன். கிரிவலப் பாதையில் பாடுகிறவளாகவே என்னை அறிந்தவர்களுக்கு இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றுபவர்கள் அன்னதானம் வாங்கி, நடந்தபடியே உண்டு, தட்டைச் சாலையோர ஓடையில் எறிந்துவிட்டுப் போவார்கள். மழைநீரை ஏரிக்குக் கொண்டுசேர்க்கும் ஓடை அது. சென்ற ஆண்டு அது அடைத்துக்கொண்டதால் ஏரி நிரம்பவில்லை. நாங்கள் நெல் நடவில்லை.

"இந்த வருஷமும் தண்ணி வரலன்னா, நிலத்த பிளாட் போடறவங்க கிட்ட குடுத்துடுவேன்" என்றார் அப்பா.

ஊர்கூடி ஓடையைத் தூர்வாரினோம். மழைக்கு முன் இரண்டு பௌர்ணமிகள் இருந்தன.

முதல் பௌர்ணமி மாலையில், தட்டை ஓடையில் எறியாதீர்கள் என்று கேட்க, அக்காவின் டீக்கடை முன் நாற்காலிமேல் ஏறி நின்று உரையைத் தொடங்கினேன். ஆன்றோரையும் சான்றோரையும் தாய்மார்களையும் முறைப்படி வணங்கி முடித்தபோது, அவர்கள் அனைவரும் சாலை வளைவைத் தாண்டியிருந்தார்கள். எதிரே வந்தவர்கள் புதியவர்கள். மீண்டும் வணங்கினேன்.

"இன்னாடி, வணக்கத்துலயே நிக்கற?" என்றாள் அக்கா, டீயை ஆற்றியபடி. "நடுவர் வரட்டும்னு காத்துனு இருக்கியா?"

மறுநாள் அப்பாவும் நானும் ஓடையிலிருந்து தட்டுகளை அள்ளினோம். அள்ளும்போதே யோசித்தேன். நான் கற்றது அமர்ந்திருப்பவர்களிடம் பேசும் கலை. இங்கே கேட்பவர் நடக்கிறார். அவர் கடையைக் கடப்பதற்குள் செய்தி முடிந்துவிட வேண்டும். அடுத்து வருபவருக்கு அதுவே தொடக்கமாகவும் அமைய வேண்டும். உரையால் அது ஆகாது. பாட்டால் ஆகும்.

மாமன் மகன் கோயில் திருவிழாக்களில் பம்பை அடிப்பவன். நான் எழுதிய பாட்டை முழுதும் கேட்டான்.

"நடுவுல 'ஆகவே'ன்னு வருதே, அதுக்கு நான் எப்படி அடிக்கறது?"

"அது தர்க்கத்தின் இணைப்பு" என்றேன்.

"அப்ப தர்க்கத்தையே அடிக்கச் சொல்லு."

'ஆகவே' போயிற்று. அதைத் தாங்கி நின்ற சரணங்களும் போயின. எஞ்சியவை இரண்டே வரிகள்:

*சாப்ட்ட தட்ட எங்க சாமி போட்ட?*
*ஓடையில போட்டா ஏரி எப்படி ரொம்பும்?*

அடுத்த பௌர்ணமியன்று அதையே திரும்பத் திரும்பப் பாடினேன். வெறுங்காலால் நடந்தவர்களின் நடைக்குப் பம்பை ஒத்துப்போயிற்று. முதல் வரியை வாங்கிக்கொண்டவர்கள் இரண்டாவதைப் பாடிக்கொண்டே வளைவைக் கடந்தார்கள். நான் போகாத இடத்துக்குப் பாட்டு போயிற்று.

அப்போது ஓர் அம்மா தட்டோடு என் முன்னால் நின்றுவிட்டார்.

"சரி பாப்பா, ஓடையில போடல. வேற எங்க போடறது? அதயும் நீயே பாடு."

எந்த எதிரணியும் என்னிடம் இப்படியொரு கேள்வியைக் கேட்டதில்லை. பாட்டை நிறுத்தி அக்காவைப் பார்த்தேன். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு எதிரிலிருந்த அன்னதானப் பந்தலுக்கு ஓடினாள். காலி அரிசிச் சாக்குகளை வாங்கிவந்து வேலியில் வரிசையாகக் கட்டினாள். "இங்க சாமி போடு" என்று மூன்றாவது வரியை அங்கேயே சேர்த்தேன். அம்மா தட்டைப் போட்டுவிட்டு நடந்தார். பின்னால் வந்தவர்களும் போட்டார்கள்.

ஐப்பசி மழையில் ஓடை முழுதும் ஓடியது. எல்லாத் தட்டும் சாக்கில் விழுந்தது என்று வாதிட மாட்டேன். ஓடையில் விழுந்தவை வழியடைக்கும் அளவுக்கு இல்லை, அவ்வளவே. நிரம்பிய ஏரியைப் பார்த்துவிட்டு வந்தார் அப்பா. விதைநெல்லை ஊற வைத்தார்.