மாமி மாற்றி எழுதிய உயில்

என் கணவரின் ஆண்டுத் திவசம் முடிந்த கிழமை, தன்னை நல்லூரிலுள்ள நொத்தாரிசிடம் கூட்டிப்போகும்படி மாமி சொன்னார். உயிலை மாற்ற வேண்டுமாம். தன் மகள் கலியாணமாகிக் கனடா போனபோது ஒருமுறை, மாமா இறந்தபோது ஒருமுறை அதை மாற்றியிருந்தார். கடைசியாக எழுதியதில் இணுவில் வீடும் தோட்டக்காணியும் மகனுக்கு, அதாவது என் கணவருக்கு, என்றிருந்தது. இனி எல்லாம் மகளுக்குத்தான் என்று நினைத்தபடி ஸ்கூட்டரை ஓட்டினேன். அது நியாயமாகவே பட்டது.

“இப்ப ஆருக்கு எழுதுறது, அம்மா?” என்று நொத்தாரிசு கேட்டார்.

“எல்லாம் இந்தப் பிள்ளைக்கு,” என்று மாமி என்னைக் காட்டினார்.

நொத்தாரிசு பேனையை மேசையில் வைத்தார். “மருமகளுக்கு வயசு குறைவு. நாளைக்கு இன்னொரு கலியாணம் செய்தால் சொத்து உங்கடை மகளுக்குத் திரும்பவேணும் எண்டு ஒரு நிபந்தனை போடுவமே?”

“வேண்டாம். உவ கலியாணம் செய்யத்தான் வேணும். அப்பவும் இருக்க வீடு வேணுமெல்லோ? மகளோடையும் கதைச்சிட்டன்.”

தினமும் விடியற்காலையில் மகனின் படத்துக்கு முன்னால் அழுகிறவர் அவர். நானே நினைத்துப் பார்க்கத் துணியாத என் வாழ்வை, அந்த அழுகைக்கு நடுவே எப்போது யோசித்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமி சேலையை மாற்றிக்கொண்டு கத்தரிக்காய் வெட்ட உட்கார்ந்தார். நான் குசினி வாசலில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.