எண் மட்டும் எழுதிய கூடுகள்

சென்ற செவ்வாய் காலை வேலைக்குப் புறப்படச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "மாஸ்டர், வசந்தா போயிட்டா" என்றார் டொக்டர் வசந்தாவின் கணவர் ரங்கராஜன். டொக்டர் முதல் நாள் மாலைவரை ஆய்வுக்கூடத்தில் எங்களோடு நின்றவர். தூக்கத்திலேயே மாரடைப்பாம். ஒற்றைச் சப்பாத்தோடு அப்படியே கதவடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் திருச்சியில் பிறந்து, கனடாவில் மொன்றியல் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தை நடத்தியவர். உடம்பிலுள்ள வெள்ளை அணுக்களைப் பழக்கிப் புற்றுநோய்க் கட்டியோடு மோத வைக்க முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதைச் சொன்னால் பெரிய பெரிய டொக்டர்மாரே சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

நான் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன். அகதியாக வந்து மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்துகொண்டு, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். எலிக்கூடு துப்புரவாக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அவரிடம் போனேன். மேசையில், நுணுக்கமாக அளவெடுக்கும் ஒரு வேணியர் இடுக்கிமானி கிடந்தது.

"இது பிடிக்கத் தெரியுமா?"

"பதினாலு வருசம் பிள்ளையளுக்குப் படிப்பிச்சனான்."

"அப்போ கூடு கழுவுறதோட கட்டியையும் நீங்களே அளந்துடுங்க, மாஸ்டர்."

அன்று தொடங்கிய மாஸ்டர் கடைசிவரை மாறவில்லை. அவரைவிட எனக்கு எட்டு வயது கூட என்பதால் அந்த மரியாதையை நானும் மறுக்கவில்லை.

எலிகளில் பாதிக்கு மருந்து ஊசி, மீதிக்கு வெறும் உப்புநீர். கூட்டில் எண் மட்டும் எழுதியிருக்கும். எந்த எண்ணுக்கு எது போனது என்ற பட்டியலை உறையில் போட்டு ஒட்டித் தம் மேசை லாச்சியில் பூட்டிவிடுவார். "தெரிஞ்சா கை பொய் சொல்லும்" என்பார். எனக்கு உள்ளூர ரோசம். என் கையா பொய் சொல்லும்?

சொல்லியது. ஒரு வருடம், அந்தச் சோதனை சரிவராவிட்டால் ஆய்வுக்கூடத்தையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஊசி போட்ட இரண்டாம் நாள் சில கூடுகளில் எலிகள் மயிர் சிலிர்த்துச் சோர்ந்து கிடந்தன. மருந்து போனது இவற்றுக்குத்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கூடுகளில் அளக்கும்போது இடுக்கியைச் சற்றே கூடுதலாக இறுக்கினேன். கட்டி மெத்தென்ற சாமான், அரை மில்லிமீட்டர் எந்தப் பக்கமும் போகும்; இறுக்கினால் சிறிதாகக் காட்டும்.

உறையைப் பிரித்த அன்று எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த மாதம் ஒரு பெரிய மாநாட்டில் பேசுவதென்று முடிவாயிற்று. டொக்டர் கேக் வெட்டினார். என் துண்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எலிக்கூடு கழுவப் போய்விட்டேன். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எத்தனை கூடு தெரிஞ்சுது?"

"எல்லாம் தெரிஞ்சுது, டொக்டர்."

"ஏன் மாஸ்டர்?"

"உங்களுக்குச் சரிவர வேணும் எண்டு நினைச்சுப்போட்டன்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "எனக்குச் சரிவந்து என்ன ஆகப்போகுது? இந்த மருந்தை நம்பி நாளைக்கு ஒரு மனுஷன் வந்து படுப்பானே, அவனுக்குல்ல சரிவரணும்!" என்றார்.

அன்றே மாநாட்டுக்குக் கடிதம் எழுதிப் பேச்சை விலக்கிக்கொண்டார். எனக்கு வேலை போயிற்று என்றே நினைத்தேன். "திரும்பவும் நீங்கதான் அளக்கப்போறீங்க" என்றார். இந்த முறை ஆய்வுக்கூடத்திலிருந்த ஒரு கெபெக் மாகாணப் பெண் எலியைத் துணியில் சுற்றி, கட்டி மட்டும் தெரியும்படி நீட்டுவார். வாலும் தெரியாது, மயிரும் தெரியாது. இப்படியே ஐந்து மாதம். அதற்குள் வேறோர் ஊரில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் எங்களை முந்திவிட்டார்கள். அந்தக் குற்றவுணர்வு எனக்கு இன்றும் உண்டு. அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டாவது முறை உறையைப் பிரித்தபோது, வித்தியாசம் முதலில் கண்டதில் பாதிகூட இல்லை. ஆனால் இருந்தது. டொக்டர் மூன்று தரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "போதும் மாஸ்டர், இதை யாராலும் அசைக்க முடியாது" என்றார். அன்று மெட்ரோவரை என்னோடு கதைத்தபடியே நடந்து வந்தார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆய்வுக்கூடமும் மூடப்படவில்லை. பிறகு செய்த எல்லா வேலைக்கும் அவர் அந்தச் சிறிய வித்தியாசத்தையே அடித்தளமாக வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை இறுதிச் சடங்கில் பலர் பேசினார்கள். புற்றுநோயை வென்ற தமிழச்சி என்றார் ஒருவர். உலகத்துக்கே மருந்து தந்தவர் என்றார் இன்னொருவர். ரங்கராஜன் என்னையும் பேசச் சொன்னார். டொக்டரைப் பெரிதாகச் சொல்ல எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஆனாலும் எழுந்து நின்று இவ்வளவுதான் சொன்னேன்:

"டொக்டர் புற்றுநோயை வெல்லேல்லை. எலியளின்ர கட்டியைக் கொஞ்சம் சின்னனாக்கினவ. அது உண்மை. அதுக்கு அவவுக்குப் பன்ரண்டு வருசம் எடுத்தது."

மண்டபம் திடுக்கிட்டுப் போயிற்று. முன்வரிசையில் ரங்கராஜன் மட்டும் அழுதுகொண்டே சிரித்தார். "கரெக்ட், மாஸ்டர். ரொம்ப கரெக்ட்."

பெட்டியருகே போய் நின்றேன். முகம் அமைதியாகத்தான் இருந்தது. போயிட்டு வாங்கோ, டொக்டர். உங்களைப் பற்றி ஒரு சொல்லும் நான் கூட்டிச் சொல்லேல்லை.